செய்தவர் பெயர்

எங்கள் பம்பு கம்பெனியின் செக்கிங் மேஜையில் எனக்குப் பக்கத்து ஸ்டூல் அக்காவுடையது. செக்‌ஷனில் எல்லாருக்குமே அவள் அக்காதான். பத்தொன்பது வருஷமாக மைக்ரோமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளும் அவள் தங்கையும் அப்பாவின் பட்டறையில் ஒரே லேத்தில் கடைசல் கற்றவர்கள். அக்காவுக்கு நிதானம், தங்கைக்கு அவசரம். இது நான் சொல்வதல்ல, அக்கா வாரம் தவறாமல் சொல்வது.

கல்யாணத்தில் அக்காவை இந்தப் பக்கம் கொடுத்தார்கள், தங்கையை ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே வேறு மாகாணம், வேறு சட்டம். இங்கே பெண்கள் இரும்பு வெட்டும் மிஷினில் கை வைக்கக் கூடாது, ஆபத்தாம். அளக்கலாம், துடைக்கலாம், பெட்டியில் அடுக்கலாம். பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால் அதே மிஷினில் ஆபத்து எதுவும் இல்லையாம். தங்கை அங்கே சொந்தமாக லேத் போட்டு, தன் பெயரில் பலகையும் மாட்டிவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றெரிச்சல்தான் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

போன மாதம் தங்கையின் முதல் பெரிய ஆர்டர் எங்கள் மேஜைக்கே வந்தது. நாற்பது ஷாஃப்ட். அத்தனையிலும் ஒரு முனை தடித்திருந்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு களை. ரிஜெக்ட் என்ற சிவப்புச் சீட்டை ஒவ்வொன்றிலும் தடவித் தடவி ஒட்டினாள். திங்கட்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் ஆர்டர் போய்விடும் என்றார் ஃபோர்மேன்.

சாயங்காலமே தங்கை போன் செய்தாள்.

"லேத்தோட வால் பக்கம் எங்கயோ விலகியிருக்குக்கா. எனக்குப் பிடிபடல. நீ வந்து பாரேன்."

அவள் முழிப்பதைப் பார்க்கத்தான் போனேன் என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு மிஷின் முன்னால் நின்றவள், இருட்டும்வரை நகரவில்லையாம். வாலைச் சரிசெய்து, நாற்பதையும் அவளே கடைந்தாள். தங்கை அளந்து அடுக்கினாள்.

திங்கட்கிழமை அக்கா ட்ரேயை என் பக்கம் தள்ளினாள். "நீ பாரு. நான் பாத்தா நல்லாருக்காது."

ஒன்றிலும் குறை இல்லை. ஃபோர்மேன் ஒரு ஷாஃப்டை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். "வேலைன்னா இது வேலை. உன் தங்கச்சிகிட்ட நீயும் கொஞ்சம் கத்துக்கிட்டிருக்கலாம்மா."

அக்காவின் காது சிவந்துவிட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன், மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பச்சைச் சீட்டில் செய்தவர் என்ற இடத்தில் தங்கையின் பெயரை எழுதினேன். அக்கா குனிந்து அதைப் படித்தாள்.

"கிறுக்காத. நல்லா தெளிவா எழுது" என்றாள்.