டாங்கி மூடி

மொனராகலையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் பழைய கார் திணறியது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. வேகமெடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் இழுக்காமல் குலுங்கியது. பின் சீட்டில் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

இந்தக் குலுங்கல் எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். அப்பா தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர். பிரசவ வலியில் துடித்த அம்மாவைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் கிடத்தி, கொட்டும் மழையில் பதுளைக்கு ஓட்டினார். ஈரச் சாக்கின் பச்சை வாசனையில் நான் அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். பாதி வழியில் லொறி திணறியது. மழைத்தண்ணீர் இறங்கக்கூடாதென்று டீசல் டாங்கி மூடியைப் பொலித்தீனால் சுற்றி, டியூப் ரப்பரால் அப்பாவே இறுக்கிக் கட்டியிருந்தார். உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் டீசல் எஞ்சினுக்கு இறங்கவில்லை. அவிழ்த்துத் திறந்ததும் டாங்கி 'உஸ்ஸ்' என்று காற்றை இழுத்தது.

"ஒண்ணுமில்ல புள்ள, சரியாயிருச்சு" என்றார் அம்மாவிடம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் தம்பி பிறந்தான்.

காரை ஓரங்கட்டினேன். பெட்ரோல் டாங்கியருகே காதை வைத்துக்கொண்டு மூடியைத் திருகினேன். ஒரு சத்தமும் வரவில்லை. கோளாறு மூடியில் இல்லை.

"என்னண்ணே, சரியாயிருச்சா?"

"சரியாயிருச்சுடா" என்றேன், அப்பாவின் அதே குரலில்.