பெயர் போன பிறகும் பேசிய குரல்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி ஆபீசில் சுலோச்சனா டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் சிங்காரவேலுக்கு அங்கேயே சூளையில் வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் புது மைக் வந்த அன்று, அதன்முன் உட்கார்ந்து ஐந்து வயது மகள் யுவஸ்ரீக்காக ஏழு நிமிடம் பேசிப் பதிவு செய்தான். மறுவருடம், 2006இல், வேப்பூர் பக்கம் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான்.

அதிலிருந்து சுலோச்சனா தினமும் மதியம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்பாள். சோறு பாதி டப்பாவிலேயே ஆறிப்போகும். சிடியில் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைப்பாள், நாள் ஓடிவிடும்.

ஒருநாள் முதலாளி விருத்தகிரி, "டிஸ்க்கு நெறஞ்சி போச்சும்மா. பழசையெல்லாம் அழிச்சிடுங்க" என்றார். அது லினக்ஸ் கம்ப்யூட்டர். கட்டளை தட்டினால், ஃபைல் குப்பைத்தொட்டிக்குப் போகாமல் உடனே அழிந்துவிடும். சிங்காரவேல் காதில் பேசிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு ஃபோல்டரை அழித்தாள். அதற்குள்தான் அவன் குரலும் இருந்தது.

ஃபைல் பட்டியலில் அந்தப் பதிவின் பெயர் இல்லை. ஆனால் சிங்காரவேல் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். 'அழியல போலிருக்குது' என்று மூச்சு விட்டாள். முதலாளி மறுபடி கூப்பிட, பிளேயரை மூடிவிட்டு எழுந்தாள். திரும்பி வந்து தேடினால் எங்கேயும் இல்லை.

கம்ப்யூட்டரைப் பார்க்கிற கனகா இரண்டு நாள் கழித்து வந்தாள்.

"அக்கா, அழிக்கறதுன்னா பட்டியல்லேருந்து பேர எடுக்கறதுதான். அந்த ஃபைலுக்கு வேற பேரு இல்லாம, எந்தப் புரோகிராமும் அதைத் தொறந்து வச்சிருக்காம இருந்தாத்தான் கம்ப்யூட்டரு அந்த எடத்தை விடும். பிளேயரு தொறந்து வச்சிருந்துது. அதான் பேசிச்சி."

"அப்ப நான் மூடாம இருந்திருந்தா?"

"அப்படியே காப்பி எடுத்திருக்கலாம்க்கா."

அந்த ஃபைல் விட்ட இடத்தில் இன்னும் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று கனகா சாயங்காலம் வரை துழாவிப் பார்த்தாள். அந்த இரண்டு நாளில் கம்பெனி விற்கிற பீங்கான் பொம்மைகளின் படங்கள் நூற்றுக்கணக்கில் அதன்மேல் ஏறியிருந்தன. கிடைத்தது வெறும் இரைச்சல்.

"மூடுனது நாந்தான் கனகா" என்று சுலோச்சனா திரும்பத் திரும்பச் சொன்னாள். கனகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குரல் அழிந்ததை மூன்று வருடம் மகளிடம் சொல்லவில்லை. ஒன்பது வயதில் யுவஸ்ரீயே கேட்டாள்: "மைக்குல அப்பா எனக்கு என்னம்மா சொன்னாரு?"

சுலோச்சனா ஞாபகம் இருந்ததைச் சொன்னாள். அவன் நடுவில் சிரித்த இடம் வந்தது. அதற்குமேல் அவளால் முடியவில்லை.