ஆமையார் போட்ட குறிப்பு

இது நடந்தது. ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் கண் மயக்கம் என்று தள்ளிவிடலாம். பார்த்தவர்கள் பதினோரு பேர். பதினோரு வீடுகளில், பதினோரு திரைகளில், ஒரே நேரத்தில், ஒரே வரிகள். அவர்களில் ஒருவர் பல் டாக்டர். வாயைத் திறந்து காட்டினால்தான் வலியையே நம்புகிற ரகம். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "போய் வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க" என்பார். அவருடைய சாப்பாட்டு மேசையில்தான் இது நடந்தது. பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

டாக்டரம்மாவுக்குக் குறுக்கெழுத்துப் பைத்தியம். சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை, மறைபொருள் வைத்துப் போடுகிறவை. 'தலை வெட்டிய குதிரை மேடையை மறைக்கும்' என்று ஒரு குறிப்பு இருக்கும். பக்கத்தில் இரண்டு எழுத்து என்று போட்டிருக்கும். குதிரையின் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் திரை. மேடையை மறைப்பதும் திரை. அவ்வளவுதான். குதிரையும் கிடையாது, வெட்டும் கிடையாது. இந்த விளையாட்டில் முதல் பாடமே இதுதான்: மேலே எழுதியிருப்பதை நம்பாதே. உள்ளே பார்.

இணையத்தில் இதற்கென்று ஒரு குழு இருந்தது. ஞாயிறு மூன்று மணிக்கு எல்லோரும் ஒரே புதிரைத் திறந்துவைத்துச் சேர்ந்து நிரப்புவார்கள். ஆளுக்கு ஒரு நிறம். யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பது அந்த நிறத்தில் தெரியும். ஓரத்தில் அரட்டைக்கு ஒரு பெட்டி. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை, பட்டப்பெயர்தான். பல் பிடுங்குகிற டாக்டரம்மா 'கொறடு'. புதிர் போட்டுக் குழுவை நடத்துகிறவர் 'கட்டக்காரர்'. வாய்த்துடுக்குக்காரி ஒருத்தி 'மிளகு'. அப்புறம் 'ஆமையார்'.

ஆமையார் எப்போதும் கடைசியில்தான் வருவார். அவருடைய அக்கா பல வருடங்களாகப் படுத்த படுக்கை. கை கால் வராது. அக்காவுக்குச் சோறூட்டி, வாய் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வர நாலரை மணி ஆகிவிடும். அதனால் குழுவில் ஒரு வழக்கம். கடைசி ஒரு சொல்லை அவருக்கென்று விட்டுவைப்பார்கள். விடை நாக்கு நுனியில் இருந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். அவர் சாம்பல் நிறத்தில் மெதுவாக வந்து, "வணக்கம் மக்களே, பாத்திரத்துல ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டு அதை நிரப்புவார்.

அன்று மூன்று மணிக்கு டாக்டரம்மா புதிரைத் திறந்தபோது, சாம்பல் நிறம் ஏற்கெனவே அங்கே நின்றது.

"ஆமையாரா இது? முயலையே முந்திட்டீங்க," என்று தட்டினார்.

பதில் இல்லை.

"பெரியவர் இன்னைக்குக் கோவமா இருக்கார் போல," என்றாள் மிளகு. "போன வாரம் ரொம்ப லேசான சொல்லா விட்டு வச்சோம்ல, மானம் போயிருக்கும்."

சிரித்துக்கொண்டே எல்லோரும் வேலையில் இறங்கினார்கள். பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தாவின. சாம்பல் மட்டும் ஒரே கட்டத்தில் நின்றது. ஒரு எழுத்துகூடப் போடவில்லை.

மூன்று இருபதுக்கு அரட்டைப் பெட்டியில் ஒரு வரி வந்தது.

ஆமையார்: கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. அக்காவுக்குத் தண்ணீர் வேண்டும்.

கட்டக்காரர் கைதட்டும் படம் ஒன்றைப் போட்டார்.

"பலே. ஆறு வருஷத்துல ஆமையார் முதல் முறையா ஒரு குறிப்பு எழுதியிருக்கார். மக்களே, புதிரை ஓரமா வைங்க. இதை உடைங்க."

"எத்தனை எழுத்துன்னு போடலையே, ஆமையாரே," என்றாள் மிளகு.

ஆமையார்: யாராவது வாங்க.

"வாங்கன்னா விலைக்கு வாங்கவா?" என்று ஒருவர் கேட்டார்.

"பூட்டுன்னா தாழ். தாழ்ல ஆரம்பிக்கணும்," என்றார் இன்னொருவர்.

"அக்கான்னா தமக்கை. தமக்கைக்குள்ள ஒரு மக் இருக்கு பாருங்க. எடுத்துத் தண்ணி மொண்டு குடுங்க," என்றாள் மிளகு.

பெட்டி முழுக்கச் சிரிப்புப் படங்கள். டாக்டரம்மாவும் ஒன்று போட்டார்.

தண்ணீர்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன அவர் வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன, யாரோ தண்ணி கேக்குறாங்க?"

"அது குறிப்புங்க. உங்களுக்குப் புரியாது."

"தண்ணின்னா தண்ணிதானே?"

"அப்படிப் படிச்சா விடை வராது. போய்ப் படுங்க."

அவர் போய்விட்டார். டாக்டரம்மா பென்சிலை எடுத்தார். தண்ணீருக்கு என்னென்ன சொல்? நீர், புனல், அப்பு... 'கம்'. பழைய அகராதியில் கம் என்றாலும் தண்ணீர்தான். வேண்டும் என்று கேட்கிறவர் சொல்வது 'தா'.

நான்கு பத்துக்கு விடை கிடைத்துவிட்டது. உடம்பெல்லாம் ஒரு குளிர்ந்த சந்தோஷம். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

"தாகம். தா, கம். அக்காவுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதே நேர்ப்பொருள். மூன்று எழுத்து. சரியா, ஆமையாரே?"

கைதட்டல்கள் கொட்டின. "கொறடுன்னா கொறடுதான், வேரோட பிடுங்கிட்டீங்க," என்றாள் மிளகு. "எனக்கு சினிமாவுக்கு நேரமாச்சு. கிளம்புறேன்." அவளுடைய சிவப்பு நிறம் அணைந்தது.

அப்போதுதான் பதில் வந்தது.

ஆமையார்: ஆமாம். தாகம். ரொம்ப நேரமாக.

பென்சில் டாக்டரம்மாவின் விரலிலேயே நின்றது.

'ரொம்ப நேரமாக'... சரியான விடைக்கு யாரும் இப்படிப் பதில் சொல்வதில்லை.

"ஆமையாரே... இது குறிப்புதானே?"

ஆமையார்: இல்லை.

"அடுத்த குறிப்பும் வந்தாச்சா?" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்று தட்டினார் டாக்டரம்மா. "ஆமையாரே, அக்காவுக்கு நிஜமாவே தண்ணி வேணுமா?"

ஆமையார்: நிஜமாக.

"நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க? ஒரு வாய் குடுங்களேன்."

சாம்பல் கட்டம் அணைந்து அணைந்து எரிந்தது.

ஆமையார்: டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

"பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடுங்க."

ஆமையார்: கூப்பிட்டேன். யாருக்கும் கேட்கவில்லை.

பக்கவாதம். கை விழுந்திருக்கிறது, குரல் போயிருக்கிறது, எப்படியோ தட்டுகிறார். ஒரு டாக்டருக்கு அப்படித்தான் தோன்றும். "ஆம்புலன்ஸ் அனுப்பணும். இவர் வீடு எங்கேன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை.

ஆறு வருடம். அவருக்கு இடது முழங்காலில் வலி என்று தெரியும். அக்கா கோபித்துக்கொண்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள் என்று தெரியும். பாத்ரூம் குழாய் ஒழுகுவதுகூடத் தெரியும். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன பெயர்... ஒருவருக்கும் தெரியாது. இவர்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

டாக்டரம்மா தன் நம்பரைப் பெட்டியில் போட்டார், கட்டக்காரர் போனில் கூப்பிட்டார். குரலைக் கேட்பது இதுதான் முதல் முறை. எழுத்தில் அவ்வளவு கம்பீரம். குரல் நடுங்கியது.

"டாக்டர், உள்ளே வர்றவங்க எந்த ஊர்ல இருந்து வர்றாங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் ஊர் காட்டுது."

"இவருக்கு?"

"காலியா இருக்கு."

"காலியான்னா?"

"யாருமே உள்ளே வரலைன்னு காட்டுது, டாக்டர். ஆனா எழுத்து வருது."

"மெஷின் கோளாறா இருக்கும். முகவரி வேற யார்கிட்ட இருக்கும், யோசிங்க."

"மூணு வருஷம் முன்னாடி அவருக்குப் பரிசா ஒரு அகராதி அனுப்பினோம்..."

"அனுப்பினது யாரு?"

"மிளகு."

கட்டக்காரரிடம் மிளகின் நம்பர் இருந்தது, ஆனால் போன் அணைத்திருந்தது. எந்தத் தியேட்டர் என்பதும் யாருக்கும் தெரியாது.

ஐந்து மணி. டாக்டரம்மா மிளகை மறுபடி கூப்பிட்டார். அணைத்திருந்தது. போலீசுக்குப் போன் செய்தார்.

"ஆளோட பேர் என்னம்மா?"

"தெரியாதுங்க."

"எந்த ஊரு?"

"தெரியாது. எங்க குழுவுல அவரை ஆமையார்னு சொல்லுவோம்."

"யாரு?"

"...ஆமையார்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "விவரம் கிடைச்சதும் கூப்பிடுங்கம்மா."

ஐந்து நாற்பது.

ஆமையார்: கிளம்பியாச்சா?

"கிளம்பிட்டாங்க," என்று பொய் தட்டினார் டாக்டரம்மா. வேறு என்ன தட்டுவது?

மிளகு போக மீதிப் பத்துப் பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் விலகவில்லை. யாராலும் எதுவும் ஆகவில்லை. வீட்டுக்காரர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர்ப் புட்டியை மேசையில் வைத்தார். டாக்டரம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஆறு ஐந்து.

ஆமையார்: அக்கா பேசவில்லை.

"மூச்சு இருக்கா? நெஞ்சைப் பாருங்க."

ஆமையார்: இருக்கிறது. சின்னதாக.

"பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. விடாதீங்க."

ஆமையார்: பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆறரை.

ஆமையார்: எங்கே வருகிறார்கள்?

டாக்டரம்மா கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

ஆமையார்: எங்கே?

ஆமையார்: எங்கே?

ஏழு மணிக்கு மிளகு போனை எடுத்தாள். கேட்டதும் அழுதாள். அழுதுகொண்டே பழைய செய்திகளைத் தேடினாள். முகவரி கிடைத்தது. டாக்டரம்மா இருக்கிற இடத்திலிருந்து ஆறு மணி நேரப் பயணத்தில் ஒரு ஊர். அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குச் சொல்லப்பட்டது.

ஏழு ஐம்பதுக்குக் கதவை உடைத்தார்கள். அதே நேரத்தில் சாம்பல் நிறம் அணைந்தது. எல்லாத் திரைகளிலும்.

எட்டே காலுக்கு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"அந்த அம்மாவுக்கு உயிர் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். நாக்கு வறண்டு தோல் மாதிரி ஆயிடுச்சு. ஒரு மூணு, நாலு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"தம்பி? அவருக்கு எப்படி இருக்கு? பேசுறாரா?"

"தம்பிங்கிறது... சமையலறையில கிடந்தவரா?"

"அவர்தான். மதியத்துல இருந்து எங்களோட அவர்தான் பேசிக்கிட்டிருக்கார்."

"என்னம்மா சொல்றீங்க? அவர் வெள்ளிக்கிழமை காலையிலயே இறந்துட்டார்னு டாக்டர் சொல்றார். பக்கத்துல டம்ளர் உடைஞ்சு கிடக்கு. வாடையில எங்களால உள்ளே நிக்க முடியலை."

"அவரோட கம்ப்யூட்டர்..."

"பையில போட்டு ஜிப் இழுத்திருக்கு. போட்டுப் பார்த்தோம். சார்ஜே இல்லை."

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். வரிகள் அப்படியே இருந்தன. கட்டக்காரர் அவற்றை இன்றும் அழிக்கவில்லை. யார் தட்டியது என்று இன்றும் யாருக்கும் தெரியாது.

மறுநாள் கிளினிக்கைப் பூட்டிவிட்டு டாக்டரம்மா அந்த ஊருக்குப் போனார். கட்டக்காரரும் வந்திருந்தார். குள்ளமான, வழுக்கைத் தலை ஆசாமி. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அக்கா ஒரு பிடிதான் இருந்தார். மூக்கில் குழாய். கண் மட்டும் தெளிவாக இருந்தது. நர்ஸ் அவர் உதட்டைப் பஞ்சால் நனைத்தாள்.

"தம்பியோட சிநேகிதங்கம்மா," என்றார் டாக்டரம்மா.

"தெரியும்," என்றார் அக்கா. காற்று மாதிரி ஒரு குரல். "சொல்லியிருக்கான். கொறடு..."

"ஆமாங்கம்மா."

"வெள்ளிக்கிழமை எனக்குத் தண்ணி எடுத்துட்டு வரேன்னு போனான். ஏதோ விழுந்துச்சு. ரொம்ப நேரம் ஆளைக் காணோம். அப்புறம் வந்து உட்கார்ந்துக்கிட்டான். தண்ணி கொண்டுவரலை. கேட்டா, ஆளைக் கூப்பிடுறேன் அக்கான்னு சொல்லிட்டுத் தட்டிக்கிட்டே இருந்தான். டொக்கு டொக்குன்னு."

கட்டக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் யாரும் வரலையாடான்னு கேட்டேன்," என்றார் அக்கா.

"என்ன சொன்னார்?"

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை அந்தப் பார்வையில். அன்று சாயங்காலமே அவர் போய்விட்டார். கடைசியாகச் சொன்னது இதுதான்.

"படிச்சுட்டாங்க அக்கா, சிரிச்சுக்கிட்டிருக்காங்கன்னான்."