பொலித்தீன் கழற்றாத மெத்தை

எங்கள் தேவாலயத்துப் புத்தக அலுமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு ஒரு வேலை கொடுப்போம் என்று போதகர் நினைத்திருக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன். எங்கள் ஊரான கண்டாவளையில் புத்தகம் தேடி வருகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். தவறாமல் வருகிறவர் நேசமலர் அக்கா ஒருவர்தான்.

அவருக்கு ஒரே வகைப் புத்தகம்தான் வேண்டும். வெளிநாட்டுச் சபையார் பெட்டி பெட்டியாக அனுப்புகிற கிறிஸ்தவக் குடும்ப நாவல்கள். மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போவான். தாய் முழங்காலில் நின்று ஜெபிப்பாள். அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில் காணிச் சண்டை வரும். கடைசியில் ஒரு நத்தார் மாலையில், பாலன் பிறப்புப் பாட்டுக்கு நடுவில், மகன் படலையைத் திறந்துகொண்டு வருவான். எனக்கு இந்தக் கதைகளில் பொறுமையே இல்லை. போனவர்கள் எல்லாம் இப்படித் திரும்பி வந்திருந்தால் எங்கள் ஊரில் இருக்க வீடுகள் காணாதே என்று எரிச்சல் வரும்.

நேசமலர் அக்காவுக்கு அந்த எரிச்சல் இல்லை. கோழிகளுக்குத் தீன் போட்டுவிட்டுக் குசினி வாசலில் இருந்து, அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வாசிப்பார். என் வீட்டுக்கு முட்டை கொண்டுவரும்போது கதையில் வருகிறவர்களைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரைப் போலக் கதைப்பார்.

"அந்தப் பொடியன் பஸ்ஸில ஏறிட்டான் ரீச்சர். இனிப் பயமில்லை," என்பார் ஒருநாள்.

"தமக்கைக்காரிக்கு நல்ல ஏச்சு விழவேணும். தாய் வருத்தத்தில படுக்கையில கிடக்கேக்க காணியைப் பற்றிக் கதைக்கிறாள்," என்பார் இன்னொரு நாள். முகம் அப்படி மலர்ந்திருக்கும். தனியாக இருக்கிற மனுசிக்கு அந்தக் கதைகளுக்குள் ஒரு குடும்பமே இருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அலுமாரிக்கு முன்னாலேயே நின்று கடைசிப் பக்கத்தை வாசிப்பார். போனவர் வந்து சேர்ந்தால் புத்தகத்தைக் கொண்டுபோவார். ஒருமுறை தாய் செத்த பிறகு மகள் வருகிற கதை ஒன்று அகப்பட்டது. கையில் பல்லி விழுந்தது போல அதை வைத்துவிட்டார்.

"முடிவைத் தெரிஞ்சுகொண்டு வாசிக்கிறதில என்ன ருசி அக்கா?" என்று கேட்டேன்.

"ஆள் வருவார் எண்டு தெரிஞ்சால்தான் நடுவில வாற அழுகையை என்னால வாசிக்க ஏலும் ரீச்சர்."

இந்தப் பழக்கம் யுத்தம் முடிந்து சனங்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் தொடங்கியது. கிருசாந்தன் அவருக்கு ஒரே மகன். சண்டை இறுகுவதற்கு முன்னரே வயலை ஈடு வைத்து அவனை வெளியில் அனுப்பியிருந்தார்கள். அவன் எந்த நாட்டில் நிற்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று முகாமில் இருந்தபோது ஒன்றும் தெரியாது. புருசனும் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். அந்த நேரம் யாரோ கொடுத்த ஒரு நாவல்தான் அக்காவுக்குத் துணை. அதில் ஒரு மகள் வீட்டுக்குப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தாள். கடைசித் தாள்களை யாரோ அடுப்பு மூட்டக் கிழித்துவிட்டார்கள். அந்த மகள் வந்து சேர்ந்தாளா இல்லையா என்று நேசமலர் அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. மகன் சுவிஸில் இருக்கிறான் என்ற செய்தி அதற்குப் பிறகு வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

கிருசாந்தன் நல்ல பிள்ளை. வேலை கிடைத்ததும் வீட்டோடு ஒரு அறை கட்டுவித்தான். அறைக்குள்ளேயே குளியலறை, கொமட் எல்லாம் உண்டு. கிளிநொச்சியில் இருந்து பெரிய மெத்தை வந்து இறங்கியது. அந்த அறையை அக்கா பூட்டி வைத்துவிட்டு விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தார். சனிக்கிழமைகளில் அறையைத் திறந்து கூட்டுவார், கொமட்டைக் கழுவுவார், மெத்தையைச் சுற்றியிருந்த பொலித்தீனை ஈரத்துணியால் துடைப்பார். பொலித்தீனைக் கழற்றவே இல்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள எங்கள் வீடுகளில் இதை யாரும் புதினமாகப் பார்ப்பதில்லை. கதிரை, மெத்தை, ஃப்ரிஜ் எல்லாம் பொலித்தீனுக்குள் இருந்துதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் வீட்டு ஃப்ரிஜ் கதவிலும் கடைக்காரன் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது.

போன ஆவணியில் கிருசாந்தன் வருவதாகச் செய்தி வந்தது. மனைவி நிசாந்தினி, சின்ன மகள் லியா மூவரும். வந்து நிற்கிற நாளெல்லாம் தாயோடுதான் நிற்பார்களாம். அக்காவின் கால் நிலத்தில் படவில்லை. சமையலுக்கு உதவி செய்ய என்னையும் கூப்பிட்டார்.

அன்று வான் வந்து நின்றபோது எல்லாம் அந்த நாவல்களில் வருவது போலவே நடந்தது. படலை திறந்திருந்தது. அக்கா செருப்பும் இல்லாமல் ஓடினார். அவன் குனிந்து தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். இந்தக் கதைகளைப் பழித்துக்கொண்டே இருந்த நானும் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். இதுதான் கடைசிப் பக்கம் என்று மனதுக்குள் நினைத்தேன்.

நண்டுக் கறியோடு சாப்பாடு முடிந்தது. பிரயாணக் களைப்பில் பிள்ளையை அந்த அறையில் படுக்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் நின்றது. ஃபான் ஓயவும், பிள்ளை புரளுகிறபோதெல்லாம் மெத்தை சரசரவென்று சத்தம் போடுவது குசினி வரைக்கும் கேட்டது. பிறகு வீரிட்ட அழுகை. ஓடிப் போய்ப் பார்த்தால் பிள்ளை வேர்வையில் ஊறிப்போய்க் கிடந்தது. முதுகெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

கிருசாந்தன் விரிப்பைத் தூக்கிப் பார்த்தான்.

"அம்மா, இதை இன்னும் கழட்டேல்லையே?"

"புதுசா இருக்கட்டும் எண்டு விட்டனான் தம்பி. நீ வந்து கழட்டுவாய் எண்டு..."

சொல்லிக்கொண்டே அக்கா பொலித்தீனைப் பிய்த்தார். வருசக்கணக்கான வெக்கையில் காய்ந்து போயிருந்தது. துண்டு துண்டாகத்தான் வந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவரைத் தள்ளிவிட்டு நானே மிச்சத்தைக் கிழித்தேன். ஆனால் லியா அதற்குப் பிறகு அந்த அறை வாசலை மிதிக்க மறுத்துவிட்டாள். தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள்.

நிசாந்தினியில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு விசிறி விசிறிக் களைத்துப்போயிருந்தாள்.

"குறை நினைக்காதேங்கோ மாமி. யாழ்ப்பாணத்தில ஏசி உள்ள ஹோட்டலில பிள்ளையை ரெண்டு நாள் வச்சுப்போட்டுக் கூட்டிக்கொண்டு வாறம்," என்றாள்.

"ஓம் பிள்ளை, பிள்ளையின்ர உடம்புதானே முக்கியம்," என்று அக்கா சொன்னார். பொழுது சாய முன்னமே வான் புறப்பட்டது. அக்கா படலையைச் சாத்தவில்லை.

பிறகு ஒருநாள் வந்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மிச்ச நாட்கள் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலைக் கடற்கரையிலும் கழிந்தன. எனக்கு முதலில் அவர்கள் மேல் கோபம் வந்தது, பிறகு அந்தப் பொலித்தீன் மேல் வந்தது. இரண்டாலும் பிரயோசனம் இல்லை. வீட்டுக்குப் போய் என் ஃப்ரிஜ்ஜில் ஒட்டியிருந்த தாளை உரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

சில ஞாயிறுகளாக நேசமலர் அக்கா அலுமாரிப் பக்கம் வரவே இல்லை. மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் ஆராதனை முடிந்து குடையோடு வந்து நின்றார்.

"ரீச்சர், ஆள் வந்து சேர்ந்தாப் பிறகு என்ன நடந்தது எண்டு எழுதின புத்தகம் ஏதும் இருக்கோ?"

பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் எழும்பி அலுமாரியைக் கிளறினேன். ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் கதவு திறந்தது, கட்டிப்பிடித்து அழுதார்கள், புத்தகம் முடிந்தது. அடுத்த நாள் காலையை ஒருவரும் எழுதவில்லை.

"இல்லை அக்கா," என்றேன்.

"பரவாயில்லை. வழமையானதில ஒண்டைத் தாங்கோ."

புதிதாக வந்ததில் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கி அப்படியே பைக்குள் வைத்தார்.

"அறையைத் திரும்பப் பூட்டிட்டியளோ?" என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர். இப்ப நான்தான் அந்த மெத்தையில படுக்கிறன். பாயில படுத்த முதுகுக்கு நித்திரை எங்க வருகுது? எண்டாலும் படுக்கிறன். ஆள் படுத்துப் பழகினால்தானே அதுவும் இளகும். அடுத்த முறை பிள்ளைக்குக் கரைச்சல் இராது."

"எப்ப வருகினமாம்?"

"அவன் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை."

குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அன்று அவர் திறந்து பார்க்கவில்லை.