வேப்பிலை கசந்தது

அண்ணியைப் பாம்பு கடித்த செய்தி எனக்கு வந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. கடித்ததோ காலையில். மலைமேல் புதூர்நாட்டில் எங்கள் நிலத்தில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுத்துப் போட்டதை அள்ளிக் கட்டும்போது அண்ணியின் புறங்காலில் சுருக்கென்றிருக்கிறது. அண்ணன் ஓடிப் போய்ப் பார்த்தபோது வால் மட்டும் தெரிந்ததாம்.

"இப்ப வந்து சொல்றியேண்ணா! இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று போனில் கத்தினேன்.

"வேப்பில குட்த்தேன் பாப்பா. கசக்குதுன்னு சொன்னா. மூஞ்சியக்கூட சுளிச்சா. வெசம் ஏறலன்னு வுட்டுட்டேன். இப்ப பல்லு சந்துல ரத்தம் வருது."

எங்கள் பக்கம் பாம்பு கடித்தால் முதலில் வேப்பிலையை மெல்லக் கொடுப்பார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை என்று அர்த்தம். கசக்காவிட்டால்தான் ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பைத் தேடி ஓடுவார்கள். ஆனால் பல் சந்தில் ரத்தம் என்றால் கடித்தது விரியன். அதன் விஷம் நாக்கின் பக்கமே போவதில்லை. அது ரத்தத்தில் வேலை செய்யும், அங்கிருந்து சிறுநீரகத்துக்குப் போகும். வேம்பு அதுபாட்டுக்குக் கசந்துகொண்டே இருக்கும். நான் வேலூரில் ஒரு கல்லூரியில் உயிரியல் சொல்லிக் கொடுக்கிறவள். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போய் இதைச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் நன்றாகத் தலையாட்டுவார். தலையாட்டுவதில் எங்கள் குடும்பத்தை யாரும் மிஞ்ச முடியாது.

நான் பஸ் பிடித்துத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணியை ஏற்றிய ஜீப் முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. அண்ணியின் ரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேஜையில் ஆடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் பிழைத்தோம். டாக்டர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள்.

ரத்தம் வருவது நின்றது. ஆனால் சிறுநீர் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை காலியாகவே கிடந்தது. டயாலிசிஸ் செய்ய வேலூருக்குக் கொண்டுவந்தோம். இரண்டு சிறுநீரகமும் திரும்ப வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு மனுஷி பிழைப்பதும் போவதும் அந்தப் பையில் விழப்போகும் சொட்டில் இருந்தது. அண்ணனும் நானும் மாறி மாறிக் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மாலை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் கேட்டார். "அந்தப் பாம்புக்கு மட்டும் இவ்ளோ வெசம் எங்கருந்து பாப்பா வந்துச்சி?"

ஆறுதல் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லாததால் பாடத்தைச் சொன்னேன். விஷம் எங்கிருந்தோ வந்ததில்லை. உடம்பில் அன்றாட வேலை பார்த்துக்கொண்டிருந்த புரதங்கள்தான் அவை. புரதத்தைச் செய்யும் மரபணு எப்போதாவது தவறுதலாக இரண்டு நகலாகிவிடும். ஒரு நகல் பழைய வேலையைப் பார்க்கும். இன்னொன்று மாறினாலும் கேட்பாரில்லை. பிழை மேல் பிழை ஏறி, எத்தனையோ தலைமுறை கழித்து அது வேறு வேலைக்குப் போய்விடும்.

"நம்ம மாரின்னு வெச்சிக்கோயேன். நீ நெலத்தப் பாத்துக்கின, அதனால நான் படிக்கப் போனேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. நானும் நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் புத்தி, நிறுத்தவில்லை. நம் கண்ணீரில் கிருமியைக் கொல்லும் ஒரு புரதம் இருக்கிறது, விரியனின் விஷத்தில் உள்ள ஒரு புரதமும் அதுவும் ஒரே வம்சம் என்றேன். அண்ணன் கண்ணைத் துடைத்து ஈரமான விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ எங்கிட்டயும் கீதா?"

"கீது. அது யாரையும் ஒன்னும் பண்ணாது."

"நான் பண்ணிட்டனே பாப்பா," என்றார்.

அதுவரை அவர் மேல் எனக்கு அடங்காத கோபம் இருந்தது. அந்த வேப்பிலைச் சோதனையை ஆரம்பித்து வைத்தவர் யாரோ, அவர் மேலும்தான். எந்தப் பாம்புக்காக அது வந்ததோ தெரியாது. எல்லாப் பாம்புக்கும் அதையே கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டோம். கெடுதலான பிழைகள் காலப்போக்கில் கழிந்துவிடும் என்று வகுப்பில் சுலபமாகச் சொல்வேன். கழிவது என்றால் அதைச் சுமந்திருப்பவர் சாவது என்பதை வகுப்பில் யாரும் கேட்டதில்லை, நானும் நினைத்துப் பார்த்ததில்லை. உள்ளே அண்ணி கையில் ஊசியோடு படுத்திருந்தார்.

மறுநாள் காலை அண்ணிக்குக் கஞ்சி ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கியதும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"வாயில ஒன்னுமே தெரில பாப்பா. மண்ணத் தின்ற மாரி கீது."

சிறுநீரகம் நின்றவர்களுக்கு அப்படித்தான் ருசி போகும் என்று நர்ஸ் சொன்னார். அண்ணன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கொத்து வேப்பிலை. ஆஸ்பத்திரி வாசல் மரத்தில் ஒடித்திருக்கிறார்.

இவ்வளவு பட்ட பிறகுமா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. பிடுங்கி எறிய எழுந்துவிட்டேன். அதற்குள் அண்ணி கையை நீட்டி இலையை வாங்கிக்கொண்டார். வாயில் போட்டு நிதானமாக மென்றார். அண்ணன் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கசக்குதுங்க," என்றார் அண்ணி. "நல்லா கசக்குது. நீங்க துன்னுங்க மொதல்ல."

அண்ணன் அப்பாடா என்று தரையில் உட்கார்ந்து, மீதமிருந்த கஞ்சியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். அண்ணி இன்னும் இரண்டு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.