பட்டியலில் வராத பெயர்

நான் செய்த தவற்றைப் பத்தாவது படித்த ஒரு பெண்ணின் தலையில் கட்டினேன். அவள் இன்றும் அதை நம்புகிறாள்!

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் அப்போது கம்ப்யூட்டர் ஆள் நான். உறுப்பினர்கள் ஃபாரத்தில் நிரப்பித் தரும் விவரங்களை இணையத்தில் ஏற்றி, எக்செல் பட்டியலாக இறக்கி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று அமைப்பதும் நானே. எத்தனை கர்வம் எனக்கு!

மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் பெயர்கள் கேட்டார்கள். "தறி ஓட்றவங்க மட்டும் வரட்டும்பா, செத்தவன் பேரெல்லாம் வருது" என்றார் மேலாளர். அந்த மாதம் சங்கத்துக்குச் சேலை நெய்து கொடுத்தவர்கள் மட்டும் வரும்படி நிபந்தனை போட்டேன். ஐந்து நிமிட வேலை.

இந்த ஊரில் பிறந்தவனுக்குத் தெரியாதா? உடலையும் கரையையும் தனித்தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை, மாதம் தாண்டியும் தறியிலேயே இருக்குமே... எங்கள் சங்கத்து நெசவாளர் ஏகாம்பரம் அப்படியொரு கல்யாணச் சேலைதான் நெய்துகொண்டிருந்தார். அவர் பெயர் விடுபட்டது. இருதய அறுவை சிகிச்சைக்குப் போன அவர் மனைவியை, பட்டியலில் பெயரில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஏகாம்பரம் மகள் செல்வியோடு சங்கத்துக்கு வந்து நின்றார். "தினம் தறியிலதான் குந்திக்கினு இருக்கிறேன். என் பேரு எப்படிப்பா வராம போச்சு?"

திரையைப் பார்த்ததுமே காரணம் புரிந்துவிட்டது. பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்! அன்றே திருத்தி அனுப்பியிருக்கலாம். வேலை போய்விடுமே என்ற பயம்... "ஃபாரம் சரியா நிரப்பலண்ணா" என்றேன், கூசாமல்.

நிரப்பியவள் செல்வி. அவர் அவள் பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ளன்னு உங்கிட்ட குடுத்தேனே!"

அவள் அழக்கூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

யாருக்கும் தெரியாமல் நிபந்தனையை நீக்கினேன். அடுத்த பட்டியலில் அவர் பெயர் ஒழுங்காக வந்தது. அட்டையும் வந்தது. அதற்குள் அந்த அம்மாள் போய்விட்டார்.

வேலை போய்விடுமென்று பயந்தேன் என்கிறேனே, நீங்கள் நம்புகிறீர்களா? அடுத்த வருடமே அந்த வேலையை நானே விட்டேன். அப்புறம் என்ன பயம்? அப்போதும் ஏன் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை?

சென்ற மாதம் பேருந்து நிலையத்தில் செல்வியே என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தாள். கையில் மகனுக்கான பள்ளி விண்ணப்பம்.

"சார், ஒருவாட்டி பாத்துக் குடுங்க. ஃபாரம்னா நாலு பேருகிட்ட காட்டாம குடுக்கமாட்டேன். எங்கம்மாவுக்கு நான் தப்பா எழுதினது உங்களுக்குத்தான் தெரியுமே..."

வாங்கிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

"சரியா இருக்குதுமா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்!

"ரொம்ப நன்றி சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.