திரையை மட்டும் அணைத்தேன்

காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்பவன் நான். உத்திரமேரூருக்கு அருகே எங்கள் காலனியில் இதற்கு இன்ஜினியர் என்று பெயர். மறுத்து மறுத்து அலுத்து, இப்போது நானே பாதி நம்புகிறேன். யாருடைய போன் சூடானாலும் என்னிடம்தான் வரும். ஊதிப் பார்த்துவிட்டுக் கொடுப்பேன். சில போன்கள் அதற்கே சரியாகிவிடும்.

அண்ணன் மானாம்பதி ரோட்டில் பைக்கோடு லாரிக்கு அடியில் போனபோது அவனுடைய போனும் நொறுங்கிவிட்டது. மறுநாள் காலையில் உடல் வந்தது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை, அதில் கிடத்தினோம். நாலு மணிக்கு எடுப்பது என்று பேச்சு. தெருமுனையில் கட்டும் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு மதியத்துக்குள் போட்டோ வேண்டும் என்று பிளக்ஸ் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அம்மா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“டேய், டிராக்டர் மேல குந்திக்கினு சிரிச்சிக்கினு கீறானே, அத போடு. ஆதார்ல கீறது வாணாண்டா. அதுல திருடன் மாறி கீறான்.”

அந்தச் சிரிப்பு என்னிடம் இருந்தது. போனில் இடமில்லை என்று அண்ணன் போன பொங்கலுக்குத்தான் எல்லாப் படங்களையும் என் ஹார்ட் டிஸ்கில் ஏற்றச் சொன்னான். ஏற்றினேன். ஏற்றிய டிஸ்கை ஒரு மாதம் கழித்து பஸ் படிக்கட்டில் கைதவறிக் கீழே போட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. இன்ஜினியர் அல்லவா.

என்னிடம் இருந்ததோ கல்லூரியில் கழித்துப்போட்ட லேப்டாப். பேட்டரி உப்பிப்போய் அதை எப்போதோ கழற்றியாயிற்று. பிளக்கில் இருந்தால்தான் உயிர். படம், மவுஸ் எதையும் தாங்காது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வரும். கட்டளையைத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். அடிபட்ட டிஸ்கிலிருந்து கிடைத்ததைச் சிறுகச் சிறுகப் பொறுக்கியெடுக்கும் புரோகிராமை ஓடவிட்டு, அறை மூலையில் வைத்தேன். எழுத்துகள் ஓடத் தொடங்கின.

துக்கத்துக்கு வந்தவர்கள் அண்ணன் முகத்தைப் பார்ப்பார்கள்; அடுத்து என் திரையைப் பார்ப்பார்கள். சின்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“சாவு வூட்லயும் ஆபீசாடா? அங்க உங்கண்ணன் பொணமா கெடக்கறான், இங்க இன்னாத்துக்குடா சினிமா?”

எல்லாரும் திரும்பினார்கள். டிஸ்கைக் கீழே போட்ட கதையைச் சொல்லாமல் எப்படி விளக்குவது? மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும், வேலையும் நின்றுவிடும். திரையை மட்டும் அணைக்க வேண்டும். அதே லேப்டாப்பில் இன்னொரு கருந்திரைக்கு மாறி, எழுத்தை மறைக்கும் கட்டளையை அடித்தேன். எழுத்து போனது, பின்னாலிருந்த வெளிச்சம் போகவில்லை. பிறகு பின்விளக்குக்கான கோப்பில் நான்கு என்று எழுதினேன். திரை செத்தது; உள்ளே வேலை ஓடிக்கொண்டிருந்தது. சுழியம் என்று எழுதினால் திரும்ப எரியும். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அடடா, எவ்வளவு கச்சிதம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஓரத்தில் ஒரு பொட்டு விளக்கு மட்டும் எரிந்தது. அதன்மேலும் துண்டைப் போட்டு மறைத்தேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டுமே.

பதினொரு மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது. வெயிலில் உடல் தாங்காது என்று மாமா சொல்லியனுப்பியிருந்தார். இரண்டு பேரோடு நானும் பெட்டியைக் கால்மாட்டுப் பக்கம் பிடித்துத் தூக்கினேன். வெளியே பறை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பிளக்கு எங்கடா மாப்ள?” என்றார் மாமா.

வீட்டில் ஒரே பிளக்தான். மாமா துண்டைப் பாதி விலக்கி, லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார். கறுப்பாக இருந்தது.

“இது அணைஞ்சிதான் கெடக்குது.”

“மாமா!” என்று கத்தினேன். பறை என் குரலை விழுங்கியது. இரண்டு கையிலும் பெட்டி. பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி மறுபடி செருகினேன். டிஸ்க் நாலைந்து தடவை டக்கு டக்கென்றது, பிறகு அதுவும் இல்லை. லேப்டாப் அதற்குள் பொறுக்கி வைத்திருந்ததை பென்டிரைவில் எடுத்து என் போனில் ஏற்றித் திறந்தேன். டிராக்டர் படம் இருந்தது. கலைந்த முடி, நெற்றி, புருவம், இடுங்கிய கண்கள். கண்களுக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.

பேனரில் ஆதார் படம்தான் வந்தது. உடலை எடுக்கும்போது அம்மா அதை அண்ணாந்து பார்த்தாள்.

“யாருடா இவன்?”

மாமா இன்றைக்கும் வரும்போதெல்லாம் கேட்கிறார்: “அந்த போட்டோ இன்னாடா ஆச்சி, கடசில?”

“டிஸ்க்கு பழசு மாமா” என்கிறேன். பிளக்கைப் பிடுங்கியவருக்கு அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், காரியம் முடிந்த அன்று.

“கொஞ்சங்கூடவா வர்ல?”

“வர்லம்மா” என்றேன். சட்டைப் பையில் போன் இருந்தது.